விட்டுப்போனவர்களை யார் எண்ணுவது?
எடைக் குறைப்பு வியாபாரமும் அதைச் சோதித்த வரலாறும்

இரண்டு படங்கள். இடப்பக்கத்துப் பெண் குண்டாக இருக்கிறாள். தொளதொள உடை, வாடிய முகம். வலப்பக்கத்தில் அதே பெண் இளைத்திருக்கிறாள். இறுக்கமான உடை, பல் தெரியச் சிரிப்பு. ஒன்றின் கீழ் 'முன்', மற்றதன் கீழ் 'பின்'. நடுவே ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களைப் புரட்டுகிற எவருக்கும் இந்த விளம்பரம் பழக்கமானதுதான். கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகப் பணம் கட்ட வேண்டும். கட்டியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நடுவழியில் நின்றார்கள், போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதைப் படம் சொல்லாது. இந்தக் கட்டுரை அந்தக் கோட்டைப் பற்றியது.

"பட்டினி கிடக்கிற நாட்டில் ஊளைச்சதையைப் பற்றி என்னய்யா கட்டுரை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு மாறிவிட்டது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள் என்ற வகைக்குள் வருகிறார்கள். ஆண்களில் 37 சதவீதம். எடை குறைந்த பெண்கள் 12.6 சதவீதம். மெலிந்தவரும் பருத்தவரும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். 'குண்டு என்பது பணக்கார வியாதி' என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் செல்லாக்காசாகி நாளாயிற்று. ஆகவே உடலை இளைக்க வைப்பதாகச் சொல்லிக் காசு வாங்கும் தொழில் உண்மையில் யாருக்காவது உதவியதா, அந்தக் கேள்வியை யார், எப்போது, எப்படிக் கேட்டார்கள் என்று பார்ப்பது நமக்கும் வேண்டியதாகிறது. அந்த வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்தது. அதை அங்கேயே வைத்துப் பார்ப்போம்.

1. ஒற்றைச் சாட்சி

லண்டனில் வில்லியம் பேண்டிங் என்றொருவர் இருந்தார். அரச குடும்பத்துக்கு ஈமச்சடங்கு ஏற்பாடுகளைச் செய்துவந்த குடும்பம். சாவை வைத்துப் பிழைத்தவருக்குத் தன் உடம்பு பாரமாகிவிட்டது. 1862இல் அவரது எடை 202 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 92 கிலோ. உயரமோ அய்ந்தரை அடிக்கும் குறைவு. படகு துழாவினார், குளித்தார், மருந்து குடித்தார், ஒன்றும் நடக்கவில்லை. காது மந்தமாகிக்கொண்டு வரவே வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். அவர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இவற்றை நிறுத்தச் சொன்னார். ஓராண்டுக்குள் 46 பவுண்டு இறங்கியது. 1863இல் பேண்டிங் தன் அனுபவத்தைப் பொதுமக்களுக்கு எழுதிய கடிதமாக அச்சிட்டார். கடிதம் பரபரப்பாகப் பரவியது. அவர் பெயரே 'பத்தியம் இருத்தல்' என்று பொருள்படும் வினைச்சொல்லாயிற்று. சுவீடிஷ் மொழியில் அந்த வினை இன்றும் உயிரோடு இருக்கிறது.

பேண்டிங் மோசடிக்காரரல்ல. தனக்கு நடந்ததைத்தான் சொன்னார். ஆனால் ஒரு வகை எழுத்தை அவர் தொடங்கிவைத்தார். முன்பு துன்பம், தற்செயலாக ஒரு குரு, விலக்கப்பட்ட உணவுப் பட்டியல், பின்பு விடுதலை, கடைசியில் 'நீங்களும் செய்யலாம்'. மதமாற்றச் சாட்சியங்களின் அதே கட்டமைப்பு. சாட்சி ஒருவர்தான். அவரைப் போலவே செய்து இளைக்காதவர் கடிதம் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் யார் அச்சிடப்போகிறார்கள்?

2. இன்சூரன்ஸ் கம்பெனியின் அட்டவணை

'அதிக எடை' என்றால் எதைவிட அதிகம்? பெல்ஜிய வானியலாளர் கெத்லே 1830களில் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை உருவாக்கியபோது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தார். அவருக்குக் குண்டு மனிதர்களைப் பற்றிக் கவலையில்லை. மனிதத் தொகுதியின் விதியைத் தேடினார். கவலைப்பட்டது இன்சூரன்ஸ் கம்பெனி. பாலிசிதாரர் சீக்கிரம் செத்தால் நட்டம் யாருக்கு? 1942-43இல் மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் 'இலட்சிய எடை' அட்டவணையை வெளியிட்டது. அந்த வேலையில் முன்னின்றவர் அதன் புள்ளியியலாளர் லூயி டப்ளின். 1959இல் அட்டவணை திருத்தப்பட்டு 'விரும்பத்தக்க எடை' ஆயிற்று. யாருக்கு விரும்பத்தக்கது? பாலிசி வாங்கும் வசதியுள்ள, பெரும்பாலும் வெள்ளையரான மக்களின் சாவுக் கணக்கிலிருந்து எடுத்த எண் எல்லா உடலுக்கும் அளவுகோலாயிற்று.

1972இல் ஆன்சல் கீஸ் கெத்லேயின் பழைய வகுத்தலுக்கு 'உடல் நிறை எண்' என்று புதுப்பெயர் சூட்டினார். 1998இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 'அதிக எடை'க்கான எல்லைக்கோட்டை 25க்கு இறக்கியதும் கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் ஒரு கவளம்கூடக் கூடுதலாகத் தின்னாமல் ஒரே இரவில் 'அதிக எடை'க்காரர்களானார்கள். இதைச் சொல்வதால் எடைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோய், மூட்டுத் தேய்வு, இரத்த அழுத்தம் இவற்றுடன் அதற்குள்ள உறவு கற்பனையல்ல. கோடு எங்கே விழுகிறது என்பதில் அதிகாரம் இருக்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கோடு இறங்கினால் சந்தை விரியும்.

3. 1959: ஒரு தோல்விக் கணக்கு

அதே 1959இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட், மேவிஸ் மெக்லாரன்-ஹியூம் என்ற இருவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். வியாபாரத்தைச் சோதிக்கும் எண்ணம் அவர்களுக்கில்லை. தங்கள் தொழிலைத் தாங்களே சோதித்துக்கொண்டார்கள். நியூயார்க் மருத்துவமனையொன்றின் உணவியல் பிரிவுக்கு எடை குறைக்க வந்த 100 பேரைத் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டார்கள். நன்றாக இளைத்தவர்களைப் பொறுக்கி எடுக்கவில்லை. வந்தவர் அத்தனை பேரையும் கணக்கில் வைத்தார்கள். 20 பவுண்டாவது குறைந்தவர்கள் 12 பேர். 40 பவுண்டு குறைந்தவர் ஒரே ஒருவர். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது குறைந்த எடையைத் தக்கவைத்திருந்தவர்கள் 2 பேர்.

'பத்தியங்களில் 95 சதவீதம் தோற்கும்' என்று பின்னாளில் எல்லோரும் ஒப்பித்த வாக்கியத்தின் ஊற்றுக்கண் இதுதான். ஆனால் அந்த 100 பேருக்கு என்ன சிகிச்சை கொடுத்தார்கள்? ஒரு உணவுச்சீட்டு. அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆக, தோற்றது நோயாளியா, சீட்டா, சீட்டைக் கொடுத்துவிட்டுக் கைகழுவிய மருத்துவமா? எண்ணை ஒப்பித்தவர்கள் இந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள். எண்கள் தங்கள் பிறப்பிடத்தை மறக்கடித்துவிட்டு ஊர் சுற்றும் இயல்புடையவை.

எனினும் அந்தக் கட்டுரையின் மதிப்பு வேறொன்றில் இருக்கிறது. வந்தவர்கள் அனைவரையும் எண்ணியது. பேண்டிங்கின் கடிதத்தில் இல்லாதது இது.

4. குயீன்ஸ் பகுதியில் ஒரு வரவேற்பறை

மருத்துவமனை கைகழுவிய இடத்தில் சந்தை நுழைந்தது. நுழைந்த விதம்தான் சுவாரசியமானது.

ஜீன் நிடெட்ச் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த இல்லத்தரசி. 214 பவுண்டு எடை. கடையில் தெரிந்த பெண் ஒருத்தி பார்த்து 'எத்தனை மாதம்?' என்று கேட்டாளாம். இவர் கர்ப்பமாக இல்லை. 1961இல் நகரச் சுகாதாரத் துறை நடத்திய இலவச எடைக் குறைப்பு மையத்துக்குப் போனார். அங்கே கொடுத்த பத்தியம் அத்துறையைச் சேர்ந்த நார்மன் ஜோலிஃப் வகுத்தது. பத்தியம் பலித்தது, ஆனால் மையத்தின் வாத்தியாரம்மா தொனி பிடிக்கவில்லை. ராத்திரியில் ஒளித்து வைத்து பிஸ்கட் தின்பதை யாரிடம் சொல்வது? ஆறு தோழிகளைத் தன் வீட்டு வரவேற்பறைக்கு அழைத்தார். அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் ஒளிவிடங்களைச் சொன்னார்கள். அடுத்த வாரம் கூட்டம் பெருகியது. 1962 இறுதிக்குள் அவரது எடை 142 பவுண்டாயிற்று. 1963இல் லிப்பர்ட் தம்பதியருடன் சேர்ந்து வெயிட் வாட்சர்ஸ் கம்பெனியைப் பதிவு செய்தார். 1968இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 1978இல் தக்காளிச் சாறு விற்கும் ஹெயின்ஸ் நிறுவனம் அதை ஏழு கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது. சாப்பாடு விற்கிறவரே சாப்பிடாதிருக்கும் கலையையும் விற்கத் தொடங்கினார்.

இதில் இரண்டு விஷயங்கள். ஒன்று, பத்தியம் பொதுச்சொத்து. நகராட்சி மக்கள் வரிப்பணத்தில் உருவாக்கி இலவசமாகக் கொடுத்த தாள். கம்பெனி அதன்மேல் சேர்த்தது கூட்டம், பேச்சு, வாரந்தோறும் எடை பார்த்தல், கட்டணம். இரண்டு, பெண்கள் தங்களுக்குள் கண்டுபிடித்த ஒன்றைத்தான் கம்பெனி விலைக்கு மாற்றியது. வெட்கத்தைப் பகிர்ந்துகொண்டால் பாரம் குறைகிறது என்பதை அந்த வரவேற்பறை கண்டது. அப்போது அதற்கு விலை இல்லை.

ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். பாவசங்கீர்த்தனம், ஒழுங்குபடுத்தப்பட்ட உடல், தன்னைத் தானே வேவு பார்க்கும் கண் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. வாரம் ஒருமுறை எடை மிஷினில் ஏறி, சின்னப் புத்தகத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு, கூட்டத்தில் உட்கார்ந்து பாவத்தைச் சொல்ல வேண்டும். கூட்டத்தை நடத்துபவர் முன்பு குண்டாக இருந்து இளைத்தவர். இரட்சிக்கப்பட்டவர்தான் பிரசங்கம் செய்யலாம். கிரெசிடா ஹெய்ஸ் என்ற தத்துவவாதி 2006இல் ஃபூக்கோவை வெயிட் வாட்சர்ஸ் கூட்டத்துக்கே அழைத்துப்போய் ஒரு கட்டுரை எழுதினார். அடக்குமுறை மட்டும்தான் அங்கே நடக்கிறது என்று அவர் முடிக்கவில்லை. தன்னைக் கவனித்துக்கொள்ளும் திறன்களும் அங்கே கற்பிக்கப்படுகின்றன, அதனால்தான் பெண்கள் போகிறார்கள், அந்தத் திறன்கள் இளைத்தல் என்ற ஒற்றை நோக்கத்துக்குள் அடைக்கப்படுகின்றன என்றார். இந்த இரட்டைத்தன்மையை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

5. 'ஆதாரம் எங்கே?'

1963 முதல் 1990 வரை கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்தத் தொழில் 'முன்', 'பின்' படங்களிலேயே வாழ்ந்தது. சோதனை என்று ஏதுமில்லை. அதைக் கேட்ட முதல் குரல்களில் ஒன்று குண்டான பெண்களிடமிருந்தே வந்தது. 1970களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் 'ஃபேட் அண்டர்கிரவுண்ட்' என்ற சிறு பெண்ணியக் குழு தோன்றியது. மருத்துவ நூலகங்களில் உட்கார்ந்து ஆய்விதழ்களைப் படித்தார்கள். டாக்டர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொள்ளும் தோல்வியை வெளியே ஏன் சொல்வதில்லை என்று கேட்டார்கள். 1973இல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். கையில் ஆராய்ச்சிப் பணமில்லை, பட்டமில்லை, இருந்ததெல்லாம் வாசிப்பு. எதிராளியின் எண்களை எதிராளிக்கு எதிராகவே வாசித்தார்கள். இதை நம் சிறுபத்திரிகைக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அரசு மெதுவாக விழித்தது. 1990இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக்குழு ஒன்று, ரான் வைடன் தலைமையில், பத்தியத் தொழிலின் ஏமாற்றுக்களை விசாரித்தது. 1992இல் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு கையிலிருந்த தகவல்களையெல்லாம் தொகுத்துச் சொன்னது இது: திட்டத்தை முடித்தவர்கள் உடல் எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் வரை குறைகிறார்கள், அதில் மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு பங்குவரை ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறது, அய்ந்தாண்டில் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது. 'முடித்தவர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். முடிக்காதவர்கள் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இல்லை.

1993இல் அமெரிக்க வணிக ஆணையம் அய்ந்து பெரிய கம்பெனிகள்மீது குற்றம் சுமத்தியது. உங்கள் வாடிக்கையாளர்கள் இளைக்கிறார்கள், இளைத்தே இருக்கிறார்கள் என்கிறீர்களே, ஆதாரம் எங்கே? மூன்று கம்பெனிகள் உடனே சமரசம் செய்துகொண்டன. வெயிட் வாட்சர்ஸும் ஜென்னி கிரெய்க்கும் 1997இல். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே செய்துகொள்ளும் வகையான சமரசங்கள் இவை. இனி ஆதாரமில்லாமல் சொல்லக் கூடாது, எடுத்துக்காட்டாகக் காட்டப்படுபவர் வழக்கமான வாடிக்கையாளரல்ல என்றால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி முளைத்தது. அந்தப் பொடி எழுத்துக்கு முப்பது வருடம் பிடித்தது.

6. குலுக்கல் சீட்டு

ஒரு திட்டம் உதவுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? சேர்ந்தவர் இளைத்தால் போதாது. சேராமலே அவர் இளைத்திருக்கலாம். சேர்வதற்கே மனஉறுதி வேண்டும் அல்லவா? ஆகவே வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியைத் திட்டத்துக்கு அனுப்பி, மறுபாதிக்கு வேறொன்றைக் கொடுத்து, இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும். முக்கியமாக, குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாரோ அந்தப் பக்கத்தின் கணக்கிலேயே அவரை வைக்க வேண்டும். பாதியில் ஓடிப்போனாலும் கூட. மருத்துவப் புள்ளியியலின் இந்த விதி ஏதோ தொழில்நுட்ப நுணுக்கம் போலத் தோன்றும். எனக்கு இது ஒரு அரசியல் விதியாகப் படுகிறது. விட்டுப்போனவரும் வரலாற்றில் இருக்கிறார் என்பதே அது.

வெயிட் வாட்சர்ஸ் திட்டத்தின் முதல் பெரிய நீண்டகாலச் சோதனை 2003இல்தான் வெளியாயிற்று. கம்பெனி பிறந்து நாற்பதாண்டு கழித்து. 423 பேர், ஆறு மையங்கள், இரண்டாண்டு. ஒரு பாதிக்கு வாரக் கூட்டம், இலவசச் சீட்டில். மறுபாதிக்கு இரண்டு முறை இருபது நிமிட ஆலோசனை, படிக்கப் புத்தகம். ஓராண்டு முடிவில் கூட்டத்துக்குப் போனவர்கள் சராசரி 4.3 கிலோ குறைந்திருந்தார்கள், மற்றவர்கள் 1.3 கிலோ. இரண்டாண்டு முடிவில் 2.9 கிலோ, மற்றவர்கள் 0.2 கிலோ. நாலில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் சோதனையை முடிக்கவில்லை.

இதை எப்படி வாசிப்பது? விளம்பரப் படத்தோடு வைத்துப் பார்த்தால் 2.9 கிலோ கேலிக்கூத்து. 'பின்' படத்தில் 2.9 கிலோவைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் ஒன்றுமே கிடைக்காதவரோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இருக்கிறது, அது பொய்யல்ல. 2005இல் சாய், வாடன் இருவரும் வணிகத் திட்டங்கள் பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்து, இந்த ஒரு சோதனையைத் தவிர மற்ற கம்பெனிகளின் சான்றுகள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றார்கள்.

பிறகு சோதனைகள் பெருகின. 2011இல் வந்த ஒன்றை மட்டும் சற்று நின்று பார்ப்போம். ஆஸ்திரேலியா, ஜெர்மனி, இங்கிலாந்து மூன்று நாட்டிலும் 772 பேர். ஒரு பாதியைக் குடும்ப மருத்துவர் வெயிட் வாட்சர்ஸுக்கு ஓராண்டு இலவசமாக அனுப்பினார். மறுபாதிக்கு அவரே வழக்கமான சிகிச்சை தந்தார். முடிவு என்ன? மூன்று முடிவுகள் இருக்கின்றன. கடைசிவரை இருந்தவர்களை மட்டும் எண்ணினால் 6.65 கிலோவும் 3.26 கிலோவும். விட்டுப்போனவர்களின் கடைசி எடையை அப்படியே நீட்டி எண்ணினால் 5.06ம் 2.25ம். விட்டுப்போனவர்கள் தொடங்கிய எடைக்கே திரும்பிவிட்டதாகக் கொண்டால் 4.06ம் 1.77ம். ஒரே சோதனை, ஒரே ஆட்கள், மூன்று எண்கள். மாறுவது விட்டுப்போனவர்களை நாம் எப்படிப் பாவிக்கிறோம் என்பது ஒன்றுதான். திட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் கடைசிவரை இருந்தவர்கள் 61 சதவீதம். மருத்துவரிடம் இருந்தவர்கள் 54 சதவீதம். விளம்பரக்காரர் எந்த எண்ணை எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆய்வாளர்கள் மூன்றையும் அச்சிட்டார்கள். திட்டத்துக்குச் சாதகமான வேறுபாடு மூன்றிலும் நின்றது.

பணம் யார் கொடுத்தது என்று கேட்பீர்கள். 2003, 2011 இரண்டுக்கும் வெயிட் வாட்சர்ஸ் பணம்தான். சந்தேகப்பட வேண்டியதுதான். சந்தேகப்பட்டுவிட்டு, பணம் எங்கே வேலை செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எண்ணைத் திருத்துவதில் அல்ல. எதோடு ஒப்பிடுவது, எத்தனை நாளில் நிறுத்துவது, எதை இலவசமாகக் கொடுப்பது என்பதில். ஜென்னி கிரெய்க் பணம் கொடுத்து 2010இல் வெளியான சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 442 பெண்கள். திட்டமும் இலவசம், கம்பெனி விற்கும் பொட்டலச் சாப்பாடும் இலவசம். இரண்டாண்டு முடிவில் மையத்துக்குப் போனவர்கள் 7.4 கிலோ குறைந்தார்கள். வழக்கமான ஆலோசனை பெற்றவர்கள் 2 கிலோ. நல்ல முடிவு. இரண்டாண்டு கழித்தும் 92 சதவீதம் பேர் எடை காட்ட வந்தார்கள்.

இப்போது கடைக்கு வாருங்கள். அதே கம்பெனியில் சொந்தக் காசு கொடுத்துச் சேர்ந்த 60,164 பேரின் பதிவேட்டை ஆராய்ந்த கட்டுரை 2007இல் வந்தது. நாலு வாரம் கழித்து எஞ்சியவர்கள் 73 சதவீதம். 13 வாரத்தில் 42. 26 வாரத்தில் 22. 52 வாரத்தில் 6.6 சதவீதம். கடைசிவரை நின்றவர்கள் நன்றாகவே இளைத்தார்கள். சோதனையில் எடை காட்ட வருவதும் கடையில் சந்தாவைத் தொடர்வதும் ஒன்றல்ல. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தில் பர்ஸ் கிடக்கிறது என்பது என் எண்ணம். மனஉறுதி இல்லாதவர்கள் விட்டுப்போகிறார்கள் என்று சொல்லும் கதையாடல், சோறு இலவசமானால் மனஉறுதி எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

2013இல் பிபிசி ஆவணப்படமொன்றில் வெயிட் வாட்சர்ஸின் முன்னாள் நிதி இயக்குநர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: எடை திரும்பியவர்கள் திரும்பி வருகிறார்கள், வியாபாரம் அதில்தான் ஓடுகிறது என்று. தோல்வி இங்கே சரக்கின் குறையல்ல, சரக்கின் சுழற்சி. திரும்பி வருகிறவர் கம்பெனியைக் குறை சொல்வதில்லை, தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார். 'போன தடவை நான் ஒழுங்காகச் செய்யவில்லை.' உலகத்தில் வேறெந்தக் கடையில் ஓட்டை வாளி வாங்கியவர் தன் கையை நொந்துகொண்டு இன்னொரு வாளி வாங்குகிறார்?

7. நம் தரப்புக்கு ஒரு சங்கடம்

இத்தோடு நிறுத்தினால் நம் வட்டத்தில் கைதட்டு கிடைக்கும். முதலாளியம், உடல், அதிகாரம் என்று மூன்று சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் 2011இலேயே பர்மிங்காமில் நடந்த இன்னொரு சோதனை வெளியாயிற்று. பணம் கொடுத்தது அந்த ஊர் அரசுச் சுகாதாரச் சேவை. 740 பேர். வெயிட் வாட்சர்ஸ், வேறு இரண்டு கம்பெனிகள், அரசின் சொந்தக் குழு வகுப்பு, குடும்ப மருத்துவரின் தனி ஆலோசனை, மருந்துக்கடை ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே களத்தில் இறக்கினார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைத்தது உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பன்னிரண்டு இலவசச் சீட்டு. ஓராண்டு முடிவில் அந்தச் சீட்டைத் தெளிவாக வென்றது வெயிட் வாட்சர்ஸ் மட்டுமே. மருத்துவர், மருந்துக்கடை ஆலோசனைகளில் பலனும் மிகக் குறைவு, செலவும் அதிகம்.

பொதுத்துறை நல்லது, தனியார் கெட்டது என்று பழகிய நமக்கு இது கசக்கும். கசந்தாலும் விழுங்க வேண்டும். ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். டாக்டர் அறையில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிறார். கூட்டத்தில் பலர் தங்களுக்குள் பேசுகிறார்கள். வென்றது தனியுடைமையா, அந்த வரவேற்பறையா? பொதுத்துறை தன் பத்தியத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சந்தைக்கு விட்டுக்கொடுத்தது. நாற்பது வருடம் கழித்து அதே கூட்டத்துக்குச் சீட்டு வாங்கி நோயாளியை அனுப்பியது. 1267 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்து 2017இல் வெளியான சோதனையில் ஒரு வருடம் கூட்டத்துக்குப் போனவர்கள் 6.76 கிலோவும், 12 வாரம் போனவர்கள் 4.75 கிலோவும், ஒரு புத்தகம் மட்டும் பெற்றவர்கள் 3.26 கிலோவும் ஓராண்டில் குறைந்தார்கள். நீண்ட துணை கூடுதலாக உதவுகிறது. துணை என்பது கம்பெனிக்குச் சொந்தமான பொருளல்ல.

இன்னொரு கேள்வியும் மிச்சமிருக்கிறது. உதவி என்றால் எதற்கு? கிலோவுக்கா, உயிருக்கா? அமெரிக்காவில் சர்க்கரை நோயுள்ள 5145 பேரை வைத்துத் தீவிர எடைக் குறைப்புப் பயிற்சியைச் சோதித்த பெரும் சோதனை 2012இல் நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய பத்தாண்டு ஆகியும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. மறுபுறம், சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களிடம் சுமாரான எடைக் குறைப்பும் நடையும் நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தது என்று 2002இல் அங்கேயே நிரூபிக்கப்பட்டது. இதில் நம்மூருக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் அதே வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய சோதனை 2006இல் வெளியாயிற்று. உணவு, நடை பற்றிய ஆலோசனை பெற்றவர்களிடம் நோய் வருவது ஒப்பீட்டுக் குழுவைவிட 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை குறிப்பிடும்படி இறங்கவில்லை. இறங்காமலே பலன் கிடைத்தது. 'பின்' படம் எடுத்திருந்தால் அதில் ஒரு மாற்றமும் தெரிந்திருக்காது. எடை மிஷின் முள்ளையே தெய்வமாக்கியிருக்கும் தொழிலுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை. அதுவும் குலுக்கல் சீட்டின் வழியாகத்தான் வந்தது.

ஆகவே எண்களை அதிகாரத்தின் மொழி என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதிகாரத்தின் மொழிதான், இன்சூரன்ஸ் அட்டவணையில் அதைப் பார்த்தோம். ஆனால் விளம்பரம் மறைத்த 93 பேரை வெளியே கொண்டுவந்ததும் எண்தான். எண்ணுகிறவர் யாரை எண்ணுகிறார் என்பதே கேள்வி.

8. ஊசி

2021இல் செமாக்ளுடைட் என்ற வாராந்தர ஊசி அமெரிக்காவில் எடைக் குறைப்புக்கு அனுமதி பெற்றது. 1961 பேரை வைத்து நடந்த சோதனையில் 68 வாரத்தில் உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். அறுபதாண்டு பேசிய மனஉறுதிக் கதையாடல் ஒரு ஊசிமுனையில் சரிந்தது. பசி ஒழுக்கக் குறைபாடல்ல, உடம்பின் வேதியியல் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஜென்னி கிரெய்க் 2023இல் தன் மையங்களை மூடியது. வெயிட் வாட்சர்ஸ் அதே ஆண்டு ஊசி எழுதித்தரும் இணையவழிக் கம்பெனியொன்றை வாங்கியது. 2025 மே மாதம் திவால் மனு போட்டு, கடனைக் குறைத்துக்கொண்டு சில வாரங்களில் வெளியே வந்தது.

ஊசியை நிறுத்தினால் எடை பெருமளவு திரும்புகிறது என்பதையும் சோதனைகள் காட்டிவிட்டன. விலை கட்டுப்படியாகாமல் நிறுத்துகிறவர்கள், வயிற்றுக் குமட்டல் தாளாமல் நிறுத்துகிறவர்கள் என்று புதிய விட்டுப்போனவர்கள் உருவாகிக்கொண்டிருக்கிறார்கள். புதிய 'முன்', 'பின்' படங்களும் வரத் தொடங்கிவிட்டன. நம் ஊர்ச் சுவர்களிலும் வரும்.

அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் புதியவையல்ல. எத்தனை பேர் சேர்ந்தார்கள்? எத்தனை பேர் விட்டுப்போனார்கள்? யாரோடு ஒப்பிட்டீர்கள்? எத்தனை வருடம் பார்த்தீர்கள்? காசு யாருடையது? குறைந்தது எடையா, நோயா? இந்த ஆறு கேள்விக்கும் பதில் சொல்லாத எந்தப் படத்தையும் நம்ப வேண்டியதில்லை. பதில் சொல்கிறவரை, அவர் கம்பெனிக்காரராகவே இருந்தாலும், கேட்டாக வேண்டும். இதைவிட முக்கியமாக, காசு கட்டித் தோற்று, 'என்னால் ஆகவில்லை' என்று தலைகுனிந்து வெளியே வரும் அந்த அக்காவிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அக்கா, பாதியில் நின்றது நீங்கள் மட்டுமில்லை, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர். அந்தக் கணக்கை உங்களிடம் மறைத்துத்தான் காசு வாங்கினார்கள்.